நீர்த்தெள்ளு இனங்களின் வகைப்பாட்டு வரலாறு

நீர்த்தெள்ளு என்பது குளம், குட்டை, ஏரி முதலிய நன்னீர் நிலைகளில் வாழும் மிகச்சிறிய உயிரி. துள்ளித் துள்ளி நீந்துவதால் இப்பெயர் பெற்றாலும் இது பூச்சியன்று. இறாலைப் போன்ற ஓட்டுடலி. 1669-இல் டச்சு அறிஞர் யான் சுவாம்மர்டாம் இதனை விவரித்தார். 1785-இல் டென்மார்க்கின் ஓட்டோ பிரீட்ரிக் முல்லர் டாப்னியா பேரினத்தை நிறுவினார்.

நீர்த்தெள்ளின் உறங்குமுட்டைகள் காய்ந்த சேற்றிலும் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் இருக்கும். நார்வே விலங்கியலாளர் கியோர்க் ஓசியான் சார்ஸ் இதைப் பயன்படுத்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்திலிருந்து கார்ல் லும்ஹோல்ட்ஸ் அனுப்பிய உலர்சேற்றை நீரிலிட்டு, வெளிவந்த உயிரிகளை வளர்த்து ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றுக்கு 1885-இல் டாப்னியா லும்ஹோல்ட்சி எனப் பெயரிட்டார்.

வகைப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. பருவத்துக்கும் எதிரிகளுக்கும் ஏற்பத் தலைக்கவசமும் முள்ளும் நீள்வதால், ஓரினமே பல பெயர்களைப் பெற்றது. மறுபுறம், முட்டைகள் எளிதில் பரவுவதால் உலகெங்கும் இருப்பவை ஒரே இனங்களே என்றும் நம்பப்பட்டது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபிரே இதை மறுத்து, ஒரே பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருப்பதைக் காட்டினார். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. 2008-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அறியப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 620.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நீர்த்தேக்கங்களில் டாப்னியா லும்ஹோல்ட்சி காணப்பட்டது. அது அயல்நாட்டிலிருந்து புகுந்த இனம் என்று அடையாளம் காண சார்ஸ் காலத்து வகைப்பாடே அடிப்படையாயிற்று. பெயரிடப்படாத இனமோ குளம் தூர்க்கப்படும்போது எவரும் அறியாமலே அழிந்துவிடக்கூடும்.