கர்ணனின் மனைவியும் அகமெம்னானின் சாவும்: தொன்மப் படங்களில் மூலப்பற்று

பம்பாயின் மாட்டுங்காத் தமிழருக்குப் பாரதக் கதை இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. பஜனை சமாஜத்திலும் ஆஸ்திக சமாஜத்திலும் கேட்ட உபந்நியாசம் ஒன்று. தமிழ்ப் படங்களுக்குப் பேர்போன அரோரா தியேட்டர் போன்ற கொட்டகைகள் மற்றொன்று. உபந்நியாசத்தில் கேட்டது திரையில் வேறாக வரும்போது, 'இது மூலத்தில் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் வாதம். பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) அதற்கு நல்ல சான்று.

அந்தப் படத்தில் வியாசரைப் படித்தவர்கள் முதலில் குறை சொல்வது இரண்டு காட்சிகளை. துரியோதனன் மனைவி பானுமதியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடும்போது மேகலை அறுந்து முத்துகள் சிதறுகின்றன. உள்ளே வரும் துரியோதனன் சந்தேகப்படாமல், எடுக்கட்டுமா கோக்கட்டுமா என்று கேட்கிறான். அடுத்தது, சாகும் தறுவாயில் கர்ணன் தன் புண்ணியத்தை எல்லாம் அந்தணன் வேடத்தில் வரும் கண்ணனுக்குத் தானம் செய்வது. இரண்டும் வியாச பாரதத்தில் கிடையாது. ஆனால் இவை திரைக்கதை எழுதியவர்களின் கற்பனையும் அல்ல. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் உள்ளவை. முத்துகள் சிதறிய நிகழ்ச்சியை அங்கே கர்ணனே குந்தியிடம் நினைவுகூர்கிறான், துரியோதனனை விட்டு வர முடியாமைக்குக் காரணமாக. தமிழ்ப் பாரதம் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்ததைப் படம் எடுத்துக்கொண்டது. இதைப் பிழை என்பவர் வில்லியையும் பிழை என்றாக வேண்டும்.

உண்மையான விலகல் யாரும் சட்டை செய்யாத இடத்தில் இருக்கிறது: கர்ணனின் மனைவி. உத்தியோக பர்வத்தில் கண்ணன் பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, பாண்டவர் பக்கம் வா, அரசு உனக்கே என்கிறான். கர்ணன் மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களில் துரியோதனன் நட்பு ஒன்றுதான். அதற்கு முன்பாகவே தன்னை வளர்த்த அதிரதனையும் ராதையையும் சொல்கிறான். அவர்கள் பார்த்து மணமுடித்து வைத்த சூதகுலப் பெண்களையும், அப்பெண்கள்வழி வந்த பிள்ளைகள் பேரர்களையும் சொல்கிறான். அவனைக் கட்டி வைத்திருப்பது அந்த வீடு.

தெருக்கூத்து மரபு இதை மாற்றியது. அங்கே அவன் மனைவி பொன்னுருவி, ராஜகுமாரி; தேரோட்டி மகன் என்று கணவனை இளக்காரமாக நடத்துபவள். குலம் குறித்த அவமானம் அவையோடு நிற்காமல் படுக்கையறை வரை வந்துவிட்டது. விடிய விடிய ஆடப்படும் 'கர்ண மோட்ச'த்தில் அவன் அவளிடம் விடைபெறும் இடத்தின் கனம் அதனால்தான். இது வியாசரிடமிருந்து வெகுதூரம் விலகியது. என் கணிப்பில், கர்ணனை வியாசர் அளவுக்கே புரிந்துகொண்டதும்கூட.

படம் கூத்தின் ராஜகுமாரியை வைத்துக்கொண்டு அவள் இளக்காரத்தை எடுத்துவிட்டது. தேவிகா நடித்த சுபாங்கி கணவனை நேசிப்பவள். அவமதிக்கும் வேலை மாமனாரிடம் போய்விட்டது. வெளியே இருக்கும் எதிரியை நாயகன் பொறுத்துக்கொள்ளலாம், பார்ப்பவரும் அவனுக்காக இரக்கப்படலாம். அவையில் பாஞ்சாலியைப் பற்றி வியாசரின் கர்ணன் பேசிய கொடும்பேச்சின் பாரத்தையும் படம் கர்ணனாக நடித்த சிவாஜியின் தோளில் ஏற்றவில்லை. இப்படி வீட்டுக் காயமும் போய், அவைக் குற்றமும் போனபின் மிஞ்சுவது கொடையும் செஞ்சோற்றுக் கடனும்தான். நிகழ்ச்சிகளில் பெரிதும் மரபு வழி நின்ற படம், மனிதனில் மரபை விட்டது.

கிரேக்கத் தொன்மப் படங்களிலும் இதே கதைதான். வூல்ஃப்காங் பீட்டர்சனின் 'டிராய்' (2004) படத்தில் கிரேக்க வீரன் அக்கிலீஸ் குதிகாலில் அம்பு பட்டு வீழ்வது ஹோமரில் இல்லை. குதிகால் கதை தெளிவாகக் கிடைப்பது கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம். அதை வில்லியின் இடத்தில் வைக்கலாம், குற்றமில்லை. ஆனால் படத்தில் சிறைப்பட்ட பெண் பிரைசிஸ், கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானை டிராயிலேயே குத்திக் கொல்கிறாள். பார்வையாளருக்குப் பழி தீர்ந்த திருப்தி. மரபுக்கு அடியே பெயர்ந்தது. மகள் இபிஜீனியாவைப் பலி கொடுத்துப் படகேறியவன், வெற்றியோடு வீடு திரும்பி மனைவி கிளைட்டம்னெஸ்ட்ராவின் கையால் சாக வேண்டியவன். கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய முந்நாடகம் முழுவதும் அந்தச் சாவிலிருந்து கிளைத்தது. அங்கும் கணக்குத் தீரும் இடம் வீடுதான். படம் அந்த வீட்டைத்தான் நீக்கியது.

தேவர்களை நீக்கியதே 'டிராய்' படத்தின் பெருங்குற்றம் என்பாரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. மைக்கேல் கக்கோயானிஸின் 'இபிஜீனியா'வும் (1977) தெய்வத்தை ஓரம் கட்டிய படம்தான். கடைசியில் பெண்ணுக்குப் பதில் மானை வைக்கும் அற்புதம் அதில் இல்லை. யூரிபிடிஸ் நாடகத்தின் அந்த முடிவே பிற்சேர்க்கை என்று ஐயுறும் அறிஞர்கள் பலர். ஆயினும் தகப்பன் அகமெம்னானின் கடன் அப்படியே அவன் தலையில் நிற்கிறது. அவன் வீடு திரும்பும்போது என்ன காத்திருக்கும் என்பது தாயின் முகத்திலேயே தெரிகிறது.

ஒரு மறுப்பு எழலாம். வில்லி சேர்த்ததும் ஒருகாலத்தில் புதுமை; குதிகாலும் அப்படியே. 2012-இல் 'கர்ணன்' புதுப்பொலிவோடு மீண்டும் திரைக்கு வந்தபின், இளையவர் பலருக்கு அந்தப் படமே பாரதமாகிவிட்டது. இன்னும் நூறு ஆண்டுகளில் சுபாங்கியும் மரபாகிவிடலாமே? ஆகலாம். ஆனால் பழமை மட்டும் என் அளவுகோல் அல்ல. பொன்னுருவி வந்தபோது கர்ணனின் சுமை கூடியது. சுபாங்கி வந்தபோது குறைந்தது. கண்ணன் அரசைக் காட்டி அழைக்கையில், சூதர் வீட்டுப் பெண்களின் பெயரால் மறுத்த கர்ணன் சுபாங்கியோடு வாழ்பவனாக இருக்க முடியாது.