கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தவர்கள்

ஆராய்ச்சியில் பொதுமக்கள் பங்கெடுப்பது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பறவை எண்ணுவதும் மழை அளப்பதும்தான். விஞ்ஞானி கேட்ட கணக்கை நாம் குறித்துக் கொடுக்கிறோம். கேள்வி அவருடையது. அந்தக் கேள்வியிலேயே மக்கள் கை வைத்த கதை ஒன்றைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1986-இல் அமெரிக்காவில் ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்தை 282 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சில மாதங்களில் போலி மாத்திரைப் பக்கம் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்துப் பக்கம் ஒருவர். செப்டம்பரில் சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துச் சோதனைகளில் சேர்ந்த சிலர் கேப்ஸ்யூலைப் பிரித்து ருசி பார்த்தார்கள், வேதியியல் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். மருந்து கிடைத்தவர் கிடைக்காதவரோடு பங்கு போட்டுக்கொண்டார். டாக்டர்களுக்கு இது தரவையே கெடுக்கும் காரியம். நோயாளிக்கோ அது உயிர். இதில் யார் பக்கம் தப்பு?

1987 மார்ச்சில் நியூயார்க்கில் ஆக்ட் அப் என்ற போராட்ட அமைப்பு உருவானது. அங்கே வந்து சேர்ந்தவர் ஐரிஸ் லாங், மருந்து வேதியியலாளர். அவருக்குத் தெரிந்தவர்களில் யாருக்கும் எய்ட்ஸ் கிடையாது. கோஷம் போட்டால் மட்டும் போதாது, மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள், எப்படி அனுமதிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். விருப்பமுள்ளவர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தினார். அறிவியல் பட்டம் இல்லாத மார்க் ஹாரிங்டன், புரியாத சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி ஒரு சொற்பட்டியலே தயாரித்தார். 1988 அக்டோபர் 11 அன்று மருந்து அனுமதி வழங்கும் எஃப்டிஏ அலுவலகத்தை முற்றுகையிடும் முன், அந்த அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று போராட்டக்காரர்களுக்கே கையேடு போட்டுப் பாடம் எடுத்தார்கள்!

படித்தபின் அவர்களுடைய வாதம் கூர்மையானது. வேறு மருந்து சாப்பிடுகிறவரை ஏன் ஒதுக்குகிறீர்கள்? பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? சோதனையில் சேர முடியாதவருக்கு மருந்து எப்படிக் கிடைக்கும்? 1989-இல் மாண்ட்ரியல் மாநாட்டுக்குத் தாங்களே ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதிக்கொண்டு போனார்கள். அரசு ஆராய்ச்சியாளர் அந்தோணி ஃபௌச்சி அவர்களோடு உட்கார்ந்து பேசினார். பிறகு, சோதனைகளைத் திட்டமிடும் குழுக்களிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

என்னை யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். 1994-இல் சாக்வினவிர் என்ற புது மருந்து வந்தது. "சீக்கிரம் கொடு" என்று போராடியவர்களில் ஹாரிங்டன் உள்ளிட்ட சிலர், இப்போது டேக் என்ற தனி அமைப்பாக, "அவசரப்படாதே, பெரிய சோதனை நடத்து" என்று எஃப்டிஏவுக்கு எழுதினார்கள். சீக்கிரம் கிடைத்த மருந்து உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறதா என்று தெரியாமல் விழுங்குவதில் என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. மற்ற எய்ட்ஸ் அமைப்புகள் பலவற்றுக்குக் கடும் கோபம். காத்திருக்க நேரமில்லாதவர்களிடம் ஆதாரம் வரட்டும் என்றால் கோபம் வராதா?

மக்களுக்குப் பயிற்சி கொடுத்தால் விஞ்ஞானிக்கு உதவியாளர் கிடைப்பார் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே கிடைத்தவர்கள் விஞ்ஞானியையும் கேள்வி கேட்டார்கள், தங்கள் பழைய கோரிக்கையையும் கேள்வி கேட்டார்கள். அதற்கு விலையாகக் கூட நின்ற சிலரை இழந்தார்கள். அந்த விலையைச் சேர்க்காமல் இதை வெற்றிக்கதை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.