தடைசெய்யப்பட்ட முன்னறிவிப்பு

ஆலங்கட்டி மழை, மரங்களை வேரோடு சாய்க்கும் இடிக்காற்று, மேகத்தின் அடியிலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் டொர்னாடோ ஆகிய மூன்றும் இடியுடன் கூடிய பெருமழையைத் தரும் கார்திரள் மேகங்களிலேயே பிறக்கின்றன. அவை மிகுதியாகத் தாக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அவற்றை முன்னறிவிக்கும் முயற்சி 1880களிலேயே தொடங்கிவிட்டபோதிலும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது வளரவிடாமல் தடுக்கப்பட்டது.

அக்காலத்தில் அந்நாட்டின் வானிலைப் பணி ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவிடம் இருந்தது. அப்பிரிவைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லி என்பவர் நூற்றுக்கணக்கான உள்ளூர்ச் செய்தியாளர்களிடமிருந்து டொர்னாடோ விவரங்களைத் திரட்டி, தந்தி வழியே வந்த காற்றழுத்த, வெப்பநிலை அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு, 1884 மார்ச் மாதம் முதல் சோதனை முறையில் முன்னறிவிப்புகளைத் தயாரித்தார். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பைப் பதினெட்டு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டொர்னாடோ வருமா, வராதா என்று அவர் கணித்தவை மொத்தம் 2,803. அவற்றில் 96.6 விழுக்காடு சரியாக அமைந்ததாக அவர் அறிவித்தார்.

நிலவியலாளர் ஜி. கே. கில்பர்ட் அதே ஆண்டில் இக்கணக்கின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தினார். டொர்னாடோ மிக அரிதாக நிகழ்வது என்பதால், எந்த நாளிலும் எந்த வட்டாரத்திலும் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே 98.2 விழுக்காடு சரியாகியிருக்கும். இந்த மறுப்பு நியாயமானதே. அரிய நிகழ்வுகளின் கணிப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்ற ஆய்வு இந்த விவாதத்திலிருந்தே கிளைத்தது. எனினும் ஃபின்லியின் அட்டவணையை மற்றொரு வகையிலும் படிக்கலாம். டொர்னாடோ நிகழ்ந்த 51 நேர்வுகளில் 28 நேர்வுகளை அவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தார். 72 முறை பொய் எச்சரிக்கை விடுத்திருந்தார். மேல்வளிமண்டலத்தை அளக்கும் பலூன் கருவிகளோ ரேடாரோ இல்லாத காலத்தில், தரைமட்ட அளவுகளை மட்டும் கொண்டு பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கண்டறிந்தது பெருஞ்சாதனை என்றே கருத வேண்டும். அவரே முன்வைத்த 96.6 என்ற எண்ணின் பின்னே அச்சாதனை மறைந்துபோனது வருந்தத்தக்கது.

ஃபின்லியின் முயற்சி தொடரவில்லை. டொர்னாடோ வரும் என்று அறிவித்தால் மக்களிடையே எழும் பீதி, டொர்னாடோவை விடக் கூடுதலான கேடு விளைவிக்கும் என்று மேலதிகாரிகள் அஞ்சியதால், அந்தப் பத்தாண்டின் பிற்பாதியிலேயே அச்சொல்லை முன்னறிவிப்புகளில் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. 1891இல் வானிலைப் பணி வேளாண்மைத் துறையின் கீழ் வானிலைப் பணியகமாக மாறிய பின்னரும் அத்தடை நீங்கவில்லை. 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலத்தை உழுதுசென்ற டொர்னாடோ 695 உயிர்களைப் பறித்தபோது, அதன் பாதையில் இருந்த எவருக்கும் டொர்னாடோ எச்சரிக்கை கிடைத்திருக்கவில்லை. 1938இல் தடை விலக்கப்பட்ட பின்னும் தயக்கம் அப்படியே நீடித்தது.

அதை உடைத்தது ஒரு விமானப்படைத் தளம். 1948 மார்ச் 20 இரவு, ஒக்லஹோமா நகருக்கு அருகிலுள்ள டிங்கர் தளத்தை எவ்வித முன்னறிவிப்புமின்றி ஒரு டொர்னாடோ தாக்கி, அங்கு நிறுத்தப்பட்டிருந்த விமானங்கள் பலவற்றை நொறுக்கியது. இத்தகைய நிகழ்வை முன்னறிய இயலாது என்றே விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆயினும் தளபதி ஃப்ரெட் போரம், அது உண்மையிலேயே இயலாததுதானா என்று ஆராயுமாறு வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் ஆகியோரைப் பணித்தார். இருவரும் பழைய டொர்னாடோ நாள்களின் வரைபடங்களை ஆராய்ந்து, தாழ்மட்டத்தில் ஈரமான வெப்பக்காற்று, அதற்கு மேலே உலர்ந்த காற்று, உயரத்தில் விரைந்தோடும் காற்றோட்டம் ஆகியவை ஒன்றுகூடும் அமைப்பை அடையாளம் கண்டனர். ஐந்தே நாள்களில், மார்ச் 25 அன்று, அதே அமைப்பு வரைபடத்தில் மீண்டும் தென்பட்டது. ஒரே இடத்தை ஒரே வாரத்தில் இரண்டு டொர்னாடோக்கள் தாக்குவது நம்பத்தக்கதன்று என்ற தயக்கம் இருந்தபோதிலும், பிற்பகலில் அவர்கள் எச்சரிக்கை விடுத்தனர்; விமானங்கள் கொட்டகைகளுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. மாலையில் அருகிலிருந்த விமான நிலையத்தை மேகக்கூட்டம் கடந்தபோது அங்கே விழுந்தது பட்டாணி அளவு ஆலங்கட்டிதான் என்று செய்தி வரவே, கணிப்பு பொய்த்துவிட்டதென்று மில்லர் மனமுடைந்து வீடு திரும்பினார். ஆறு மணியளவில் டொர்னாடோ தளத்திற்குள் புகுந்தது.

இதே இருவர் 1953இல் ஆலங்கட்டியின் அளவைக் கணிக்கும் முறை ஒன்றையும் வெளியிட்டனர். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகள் பனிக்கருவின் மேல் படிந்து உறைவதால் ஆலங்கட்டி பருக்கிறது. மேலெழும் காற்றோட்டத்தால் தாங்க முடியாத எடையை அடைந்ததும் அது விழுகிறது. ஆகவே, பலூன் அளவீடுகளைக் கொண்டு அக்காற்றோட்டத்தின் வலிமையை மதிப்பிட்டால், தாங்கப்படக்கூடிய கட்டியின் பருமனையும் மதிப்பிடலாம் என்பது அவர்களுடைய வாதம். விழும் வழியில் கட்டி எவ்வளவு உருகும் என்பது உறைநிலை மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. விமானங்களின் மெல்லிய உலோகத் தகட்டை ஆலங்கட்டி துளைத்துவிடும் என்பதால், விமானப்படைக்கு இக்கணிப்பு இன்றியமையாததாக இருந்தது.

ராணுவம் தன் விமானங்களுக்குப் பெற்ற எச்சரிக்கை பொதுமக்களுக்கு ஏன் கிட்டவில்லை என்ற கேள்வி எழுந்தது இயல்பே. வானிலைப் பணியகத்தின் தலைவர் பிரான்சிஸ் ரைக்கல்டெர்ஃபர், டொர்னாடோ முன்னறிவிப்புக்குத் தடை ஏதும் இல்லை என்று 1950 ஜூலையில் தம் அலுவலகங்களுக்குத் தெளிவுபடுத்தினார். 1952 மார்ச்சில் பணியகம் பொதுமக்களுக்கான அறிவிப்புகளைத் தொடங்கியது. ஆனால் அச்சம் சுற்றறிக்கைகளால் விலகிவிடவில்லை. 1953 ஜூன் 9 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டொர்னாடோவுக்கு வாய்ப்பு இருப்பதை உணர்ந்திருந்த பாஸ்டன் அலுவலகம், பீதி எழக்கூடும் என்று கருதி, கடும் இடிமழை என்ற அளவிலேயே எச்சரிக்கையை நிறுத்திக்கொண்டது. அன்று மாலை வூஸ்டர் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கிய டொர்னாடோவில் 94 பேர் மாண்டனர்.