பந்தியில் இடம் கிடைத்தது, இலையில்?

புரட்டாசியில் மணலி புதுநகர் பக்கம் போனால் அய்யா வைகுண்ட தர்மபதியின் பத்து நாள் திருவிழாவைப் பார்க்கலாம். ஒருபக்கம் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகள், தூரத்தில் ஆலைப் புகைபோக்கிகள். இன்னொருபக்கம் கொடியேற்றம், தேர், அன்னதானம். சாதி கேட்காமல் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். பசிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். ஆனால் அந்த வரிசைக்கு ஏறக்குறைய 190 வருட வரலாறு இருக்கிறது. அதற்காக ஒருவர் சிறைக்குப் போயிருக்கிறார்.

1830களின் திருவிதாங்கூர். யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தீட்டை அடிக்கணக்கில் அளந்த நாடு. 'கீழ்'சாதிப் பெண்கள் மார்பை மறைப்பதே குற்றம். அங்கே சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) ஒரு கிணறு தோண்டினார். எல்லாச் சாதியாரும் அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் செய்தார்கள், பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முத்திரிக்கிணறு என்ற அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. சுவாதித் திருநாளின் அரசு அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது. சேர்ந்து சாப்பிடுவதில் ஓர் அரசாங்கம் என்ன ஆபத்தைக் கண்டது? அகமணமும் பந்தியும்தான் சாதியின் இரண்டு வேலிகள் என்பது அரண்மனைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சிறையிலிருந்து வந்தபின் தன்னைப் பின்பற்றிய சுமார் 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பினார். துவையல் தவசு என்பது அதன் பெயர். நாளுக்குப் பலமுறை குளியல், துணி துவைத்தல், ஒருவேளை பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த கஞ்சி. மீனும் கறியும் இல்லை. அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், ஒதுக்கியவர்களைவிடச் சுத்தமாக வாழ்ந்து காட்டினார்கள். அதில் இருந்த தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நெருடலும் உண்டு. பந்தியில் சமமாக உட்கார, இலையில் இருப்பதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர் ஓட்டல்களின் கதைக்கு வருவோம்.

மதராஸில் காப்பி ஓட்டல்கள் பெருகிய காலத்தில் 'பிராமணாள்' என்ற சொல் பெயர்ப்பலகையிலேயே இருந்தது. பிராமணருக்குத் தனி அறை, மற்றவருக்கு வேறு இடம், 'பஞ்சமருக்கு' வாசலே கிடையாது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படிக்காதவர்கள் படியுங்கள். காப்பிக்குச் சாதி இருந்ததையும், டீ எப்படி உழைப்பாளிகளின் பானமானது என்பதையும் அதில் பார்க்கலாம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகங்களை நமக்குத் திறந்தது. ஓட்டல் தனியார் சொத்து என்று தப்பித்துக்கொண்டது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கான தனியிடம் போனது 1941இல், சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. பெயர்ப்பலகையில் இருந்த அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லி 1957இல்கூடத் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது.

கவனியுங்கள், அதற்குள் அரசியலமைப்பு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதியால் யாரையும் தடுக்கக் கூடாது என்று பிரிவு 15(2) சொல்கிறது. பிரிவு 17 தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. இவ்வளவும் இருக்கக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதன் பிறகும் பல்லாண்டு தொங்கியது வேறு கதை. ஆனால் சென்னை மாதிரி நகரத்தில் ஓட்டல் வாசல் நமக்குத் திறந்துவிட்டது. உள்ளே போகலாம், உட்காரலாம், காசு கொடுத்தால் எதுவும் வரும். நம் வீட்டுச் சாப்பாடு மட்டும் வராது.

வடசென்னையின் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்கறியை மஞ்சள், இஞ்சி பூண்டோடு குக்கரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீர் வற்றும்வரை மிளகோடு சட்டியில் பிரட்டினால் சுக்கா. எலும்பு குழம்புக்குப் போகும். போட்டியைச் சுத்தம் செய்வது அரைநாள் வேலை. சுண்ணாம்பு தடவி, சுரண்டி, அலசி அலசிக் கை வலிக்கும். அதனால்தான் வறுவல் தட்டில் கடைசித் துண்டுக்குச் சண்டை வரும். மிஞ்சிய கறியில் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்தால் உப்புக்கண்டம், கைச்செலவு வற்றும் நாட்களுக்கு. சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் பீப் பிரியாணியும் சில்லி பீப்பும். துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு ஆட்டுக்கறி கட்டுப்படியாகாத இடத்தில் இதுதான் கறிச்சோறு. 'மாட்டுக்கறி' என்று உரக்கச் சொல்லக் கூசவைத்த ஊரில் 'பீப்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு முகமூடியாக வந்து, இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. வாடகைக்கு வீடு கேட்கும்போது மட்டும் அந்த முகமூடியும் உதவுவதில்லை. "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பது சாதியை நேராகக் கேட்காமல் கேட்கும் கேள்வி.

அம்பேத்கர் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 1927 மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் கறியைச் சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னார். செத்த மாட்டைச் சுமக்கும் கட்டாயத்தோடு பிணைந்த உணவு அது. 1948இல் 'தீண்டப்படாதோர் யார்?' என்று ஆராய்ந்த நூலில், ஒரு காலத்தில் பிராமணர்களும் மாட்டிறைச்சி உண்டவர்களே என்று காட்டினார். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அவர்கள் பசுவைப் புனிதமாக்கினார்கள், தொடர்ந்து மாட்டிறைச்சி உண்டவர்கள் தீண்டப்படாதவராக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அடிமைத்தனத்தை விடச் சொன்னதையும் உணவின்மீது ஏற்றப்பட்ட இழிவை அம்பலமாக்கியதையும் குழப்பிக்கொண்டு, "அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே" என்று வாட்ஸப்பில் அனுப்புபவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

இனி 2022. மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர் பிரியாணியின் பெயரில் நடக்கும் விழாவில் பீப் பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. எனக்குத் தெரிந்து தட்டில் இருக்கும் உணவைத் தீண்டாமைக் கேள்வியாக ஓர் அரசு அமைப்பு எடுத்தது அபூர்வம். மூன்றே மாதத்தில், ஆகஸ்டில், சென்னைத் தீவுத்திடலில் சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா. மறுபடியும் பீப் இல்லை. யாரும் கடை கேட்டு விண்ணப்பிக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. விமர்சனம் எழுந்த பிறகே பீப் பிரியாணிக் கடைகள் வந்தன.

அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3இலும் சுதந்திர தினத்திலும் தமிழ்நாட்டுக் கோயில்களில் அமைச்சர்கள் மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சமபந்தி என்று அழைக்கப்பட்டு வந்தது, இப்போது பொதுவிருந்து. சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். கோயில் வளாகத்தில் சைவம்தானே பரிமாற முடியும் என்பார்கள். சரி, அப்படியென்றால் சமத்துவ விருந்தை வைக்க அரசுக்குக் கோயிலைத் தவிர வேறு இடமே கிடைக்கவில்லையா? புளியந்தோப்பில் சமுதாயக் கூடம் இருக்கிறது, மணலி புதுநகரிலும் மைதானம் இருக்கிறது. ஒரு பிப்ரவரி 3 அன்று அங்கே இலை போட்டு, சைவம் கேட்பவருக்குச் சைவமும் கறி கேட்பவருக்குக் கறியும் பரிமாறட்டும், அமைச்சர் எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்காரட்டும்.