மீன்கொத்தியின் நீலம்

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே மேட்டில் சோழர் காலத்துச் சீனப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பீங்கான் வந்த கடல்வழியில் முத்தும் மிளகும் தந்தமும் சீனத்துக்குப் போனதைப் பள்ளிப் புத்தகமே சொல்லிவிடும். அந்தக் கடலில் நடந்த மீன்கொத்தி இறகு வணிகத்தைத்தான் யாரும் பேசுவதில்லை.

அந்த இறகை நகைகளில் ஒட்டும் கலையைச் சீனர்கள் 'தியன்சுய்' என்கிறார்கள். வெள்ளியிலோ செம்பிலோ பூ, வண்ணத்துப்பூச்சி என்று தகடு வெட்டிப் பொன்முலாம் பூசுவார்கள். விளிம்பு நெடுக மெல்லிய கம்பியைப் பற்றவைத்துச் சிறுசிறு அறைகளாகப் பிரிப்பார்கள். நீல இறகை அறைக்கேற்ற அளவில் நறுக்கி, வஜ்ஜிரம் தடவி ஒட்டுவார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எனாமல் வேலை என்றே தோன்றும். மிங் பேரரசர் வான்லியின் பட்டத்தரசி அணிந்த கிரீடத்தில் முத்துகளுக்கும் மணிகளுக்கும் நடுவே இந்த வேலைப்பாடு இருக்கிறது. 1950-களில் கல்லறையைத் தோண்டி எடுத்த அந்தக் கிரீடம் இப்போது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்த நீலத்தில் சாயம் கிடையாது. இறகின் இழைக்குள் இருக்கும் நுண்துளைகளில் ஒளி சிதறுவதால் பிறக்கும் நிறம் அது. அதனால்தான் சாயம்போல எளிதில் வெளுப்பதில்லை. உயிருள்ள பறவையிலிருந்து பிடுங்கினால்தான் நிறம் துலங்கும் என்றொரு நம்பிக்கையும் இருந்தது. எவ்வளவு கொடுமை! அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த மீன்கொத்திகள் நூறாண்டு கழித்தும் நீலமாகவே இருக்கின்றன. அந்த வதைக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

எப்படிப் பிடித்தார்கள்? 1296-ல் கம்போடியாவின் அங்கோருக்குப் போன சீனத் தூதுக்குழுவில் இருந்த சோ தாகுவான் எழுதி வைத்திருக்கிறார். அடர்ந்த காட்டுக் குளங்களுக்கு மீன்கொத்தி இரை தேடி வரும். வேடன் இலைதழைகளால் உடம்பை மறைத்துக்கொண்டு கரையில் காத்திருப்பான். பக்கத்தில் கூண்டுக்குள் ஒரு பெட்டை. கையில் சிறிய வலை. நல்ல நாளில் மூன்று முதல் ஐந்து பறவைகள் சிக்கும். சில நாள் ஒன்றுகூடச் சிக்காது. பெட்டையைக் காட்டித் துணை தேடி வரும் பறவையைப் பிடிக்கும் முறை இது. ஆற்றங்கரை மண்ணில் வளை குடைந்து குஞ்சு பொரிக்கும் இனம் மீன்கொத்தி. இரை கொண்டுவரும் பறவை வலையில் விழுந்தால் வளைக்குள் இருக்கும் குஞ்சுகளின் கதி என்ன? எந்த வணிகரின் கணக்கிலும் அவை ஏறவில்லை.

தடை போட்டவர்களும் உண்டு. 1107-லேயே சோங் பேரரசர் ஹுய்சோங் இந்த இறகு சேகரிப்பை விலக்கி ஆணையிட்டார். ஆனால் 1225-ல் சுவான்சோ துறைமுகத்தின் வணிக அதிகாரி சாவ் ரூகுவா எழுதுவதைக் கேளுங்கள்: செல்வர்கள் இன்னும் அணிகிறார்கள், அயல்நாட்டு வணிகர்கள் உடையின் பஞ்சு உள்ளடுக்கில் இறகை ஒளித்துக் கடத்துகிறார்கள். அதே சுவான்சோவில்தான் 1281-ம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நம் வணிகர்கள் அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பி வாழ்ந்தவர்கள். நீல இறகு மின்னும் கொண்டைகளைத் தெருவில் அவர்களும் பார்த்திருப்பார்கள்.

சீனரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா, இந்தியா, சீனப் பயணங்களைப் பற்றி 1782-ல் நூல் வெளியிட்டார். நம் மலைகளின் சாம்பல் காட்டுக்கோழிக்கு 1813-ல் அவர் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்கள். அதன் கழுத்திறகில் மெழுகைச் சொட்டியதுபோல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த அழகே அதற்கு வினையானது. சால்மன் மீன் பிடிக்கும் அலங்காரத் தூண்டில்களுக்காக அந்த இறகு கப்பலேறி ஐரோப்பா போனது.

ஐரோப்பாவின் இறகுத் தொப்பி மோகம் இன்னும் பெரிய அழிவைக் கொண்டுவந்தது. கொக்கு, மீன்கொத்தி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1902 செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் அதிகாரம் ஆங்கிலேயர் துறைமுகங்களோடு நின்றது. புதுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. ஆட்சி நடந்தது பாரிஸின் கட்டளைப்படி. அந்தப் பாரிஸோ உலக இறகுத் தொப்பித் தொழிலுக்கே தலைநகரம்! கடலூரில் குற்றமானது, சில மைல் வடக்கே அந்தச் சட்டத்துக்கு எட்டாததாக இருந்தது. ஒரே ஏரி, ஒரே வாய்க்கால் பறவைக்கு இரண்டு நீதி. பிரிட்டனும் தன் சந்தையை மூட 1921 வரை காத்திருந்தது.

சீனத்தில் 20-ம் நூற்றாண்டின் நடுவில் தியன்சுய் தொழில் அடங்கிப்போனது. பெய்ஜிங் ஓபெராவின் தலையணிகளில் மட்டும் அதன் மிச்சம் தங்கியது. 2015-ல் ஒரு நடிகை தன் தலையணியில் 80 மீன்கொத்திகளின் இறகு இருப்பதாக இணையத்தில் எழுத, பெரும் கண்டனம் எழுந்தது. இன்று சாயமேற்றிய வாத்து இறகிலும் பட்டு நாடாவிலும் அந்த வேலையைச் செய்கிறார்கள். மேடை வெளிச்சத்தில் அது போதும் என்பதே என் கருத்து. 2021-ல் சீனம் வெண்மார்பு மீன்கொத்தியைத் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. தியன்சுய்க்கு இரையான இனங்களில் அதுவும் ஒன்று. 2008-ல் சரணாலயமான நம் புதுச்சேரி ஊசுட்டேரியின் கரைகளில் நாம் தினம் பார்ப்பதும் அதே இனம்தான்.

(தொடரும்)