பைத்தா மாலுமிகள் இட்ட பெயர்

தென் அமெரிக்காவின் பேரு நாட்டுக் கரை விந்தையானது. வெப்ப வலயத்துள் அமைந்திருந்தும் அதன் கடல் குளிர்ந்தது. கடலை அடுத்த நிலமோ மழை காணாப் பாலை. தென்திசைக் காற்று மேற்பரப்பு நீரைக் கரையினின்றும் ஒதுக்க, ஆழத்துக் குளிர்நீர் உரச்சத்துகளைச் சுமந்து மேலெழுகின்றது. அதனால் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை உண்டு நெத்தலி பெருக, நெத்தலியை உண்டு கடற்பறவைகள் பெருகின. அப்பறவைகளின் எச்சமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிற்று.

1802ஆம் ஆண்டில் இந்நீரின் வெப்பநிலையை அளந்த செர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டின் பெயரே குளிர் நீரோட்டத்துக்கு நிலைத்தது. அவரோ அதனை விரும்பினாரல்லர். சில்லி முதல் பைத்தா வரை மீன்பிடிச் சிறுவரெல்லாம் முந்நூறாண்டாக அறிந்திருந்த ஒன்றுக்குத் தம் பெயரை இடுதல் தகாது என மறுத்தார். அறிஞர் பலரிடத்தும் காணக் கிடையாத நேர்மை அது.

1891இல் அப்பாலையிலே பெருமழை கொட்டிற்று. லீமா நகரப் புவியியற் கழகத்தின் தலைவராயிருந்த மருத்துவர் லூயிஸ் கரான்சா, கழகத்தின் ஏட்டில் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பைத்தாவுக்கும் பக்காசுமாயோவுக்கும் இடையே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் எதிர்நீரோட்டம் ஒன்று உண்டென்பது அவர் காட்டிய செய்தி. அவ்வாண்டில் இறந்த முதலைகளும் மரத்தண்டுகளும் வடதிசையிலிருந்து பக்காசுமாயோவுக்கு மிதந்து வந்தன. முதலை வாழாத குளிர்கரையில் முதலை ஒதுங்கினால், அதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

மறுவருடம் அதே கழகத்தில் உரையாற்றிய கடற்படைக் கப்பற்றலைவர் கமீலோ கரீயோ, அந்நீரோட்டத்தின் பெயரையும் எடுத்துரைத்தார். சிறு படகுகளிற் கரையோரமாகச் செல்லும் பைத்தா மாலுமிகள், நத்தாருக்குப் பின்னர் அது தோன்றக் கண்டு, குழந்தை இயேசுவை நினைந்து 'எல் நீனோ' என்றழைத்தனர். அப்பெயரை மாற்றாது அவ்வாறே ஏட்டில் ஏற்றியது கரீயோவின் பெருந்தன்மை. 1894இல் விக்தோர் எகிகுரேன் பியூராப் பகுதியின் ஒரு நூற்றாண்டு மழை வரலாற்றைத் தொகுத்து, ஆண்டுகளை மழையின் கடுமைக்கேற்ப வகுத்தார். 1895இல் பெதெரிக்கோ அல்பொன்சோ பெசெற் இவற்றை இலண்டன் நகரில் நடந்த அனைத்துலகப் புவியியல் மாநாட்டில் எடுத்துவைத்து, வெந்நீரோட்டமே அம்மழைக்குக் காரணம் என்றார்.

உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. இந்தியாவின் வானிலை ஆய்வகங்களுக்குத் தலைமை தாங்கிய கில்பேட் வாக்கர், பருவமழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடி, பசிபிக்கின் இருபுறத்தும் காற்றமுக்கம் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டார். அவ்வூசலையும் பேருவின் வெந்நீரையும் ஒரே நிகழ்வின் இரு கூறுகளாக பியேர்க்னெசு விளக்கியது 1969இல்.

அறிவு வந்தும் மீன் தப்பவில்லை. 1970இல் பேருவில் ஏறத்தாழ 12 மில்லியன் தொன் நெத்தலி பிடிபட்டது. 1972இன் எல் நீனோவும், அளவிறந்து வலைவீசிய பேராசையும் சேர, 1973இல் அது 2 மில்லியன் தொன் அளவுக்குச் சுருங்கிற்று. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பறவைகள் பட்டினியால் மடிந்தன.

இன்று வானிலை அறிஞர் பசிபிக் கடலைப் பகுதி பகுதியாக வகுத்து அதன் வெப்பத்தை நாடோறும் நோக்குகின்றனர். அப்பகுதிகள் யாவும் 'நீனோ' என்றே எண்ணிடப்பட்டுள்ளன. அவற்றுள் கிழக்குக் கோடியிலுள்ளது பைத்தாத் துறைமுகத்தின் முன்னே விரிந்து கிடக்கின்றது.