ஊவாக் கொழுந்து கடல் கடந்த கதை

1869இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பூஞ்சை படிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. நொடித்துப்போன துரைமார் தோட்டங்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அடிவாரத்து மொனராகலைப் பக்கம் பின்னாளில் றப்பர் வேரூன்றியது. மேலே அப்புத்தளை மலைகளில் தேயிலை ஏறியது.

1890இல் கொழும்பில் வந்திறங்கிய தோமஸ் லிப்டன் தோட்டத்துரை அல்ல, கிளாஸ்கோ மளிகை வியாபாரி. லண்டன் மின்சிங் லேன் ஏலத்துத் தரகர்களுக்குப் போகும் காசை மிச்சம் பிடிப்பதே அவர் கணக்கு. தம்பேதென்ன, லேமஸ்தோட்டை, மொனரகந்தை என்று தோட்டங்களை வாங்கினார். இலங்கை பிரித்தானிய முடியின் கீழ் இருந்ததால், ஸ்கொட்லாந்துக்காரர் இங்கே காணி வாங்கத் தடையேதும் இருக்கவில்லை. கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள்.

பிரித்தானியாவில் அவருக்குச் சொந்தக் கடைகள் நிறைய இருந்தன. மற்றவர்கள் இறாத்தல் 3 ஷில்லிங் அளவில் விற்ற தேயிலையை அவர் 1 ஷில்லிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். நிறையில் ஏமாற்று இல்லையென்று காட்ட, அளந்து கட்டிய பொட்டலத்தில் விற்றார். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதால் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற கலவை என்றும் விளம்பரம் செய்தார்.

அமெரிக்காவில் இந்த வித்தை அப்படியே பலிக்கவில்லை. அங்கே அவருக்குக் கடை வரிசை இல்லை. பொட்டலம் பிறருடைய மளிகைக் கடைகள் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. மக்களோ யப்பான், சீனப் பச்சைத் தேயிலைக்குப் பழகியவர்கள். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை தன் கறுப்புத் தேயிலையைக் காட்டியது. அந்தச் சந்தைக்காகவே பச்சைத் தேயிலை செய்வோருக்கு இலங்கைத் தோட்டக்காரர் அமைப்பு ஊக்கத்தொகையும் கொடுத்தது. கடைசியில் அமெரிக்கர் கறுப்புத் தேயிலைக்கு வந்தார்கள், ஆனால் தங்கள் வழியில்: ஐஸ் போட்டு, பையில் கட்டி. லிப்டன் நிறுவனமும் வளைந்துகொடுத்தது. நான்கு பக்கமும் நீர் புகும் தேயிலைப் பையை 1952இல் சந்தைக்கு விட்டது.

காணிச் சட்டமும் மாறியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றின் நிர்வாகம் உள்நாட்டுப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. லிப்டன் என்ற பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. கலவையும் பொட்டலமும் விற்பனையும் எப்போதோ தோட்டத்தை விட்டு வெளியேறியிருந்தன. யூனிலீவர் கைக்குப் போன அந்தப் பெயர், 2022இல் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியோடு மீண்டும் கைமாறியது. எல்லை தாண்டி வந்த லயத்துக் குடும்பங்களுக்கோ சட்டம் அப்படி இளகவில்லை: 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1980களில் மெரில் பெர்னாண்டோ இதே பாதையில் எதிர்த்திசையில் போனார். மொத்தத் தேயிலையை வெளிநாட்டுப் பெயர்களுக்கு அனுப்பிவந்தவர், இலங்கையிலேயே பொதி செய்து, ‘டில்மா’ என்ற சொந்தப் பெயரில் அவுஸ்திரேலியச் சுப்பர் மார்க்கெட்டுகளில் நுழைந்தார். அங்கே அவர் தோட்டமோ கடையோ வாங்கவில்லை. பல நாட்டுத் தேயிலைகளைக் கலந்து விற்ற பெரிய நிறுவனங்களுக்கு எதிரே, கலப்பில்லாத இலங்கைத் தேயிலை என்பதையே விற்பனைப் பேச்சாக்கினார்.